சூரியப் புற ஊதா ஒளியின் அளவீடும் விண்கருவிகளின் அளவுத்திருத்தமும்

(அந்தமானின் அபர்டீன் பஜாரில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பூமியின் வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராக நோக்கியிருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1361 வாட் அளவுக்குக் கதிராற்றல் விழுகிறது. இதில் 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய புற ஊதாக் கதிர்களின் பங்கு நூற்றுக்கு எட்டு அளவே. 300 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. அளவில் சிறிதானாலும் மேல் வளிமண்டலத்தின் வேதியியலை நடத்துவது இந்தச் சிறு பங்குதான். 242 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிளக்க, பிரிந்த அணு வேறோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. அவ்வாறு உருவான ஓசோன், அதனினும் நீண்ட அலைநீளமுள்ள கதிர்களை உறிஞ்சித் தானும் சிதைகிறது. ஆக்கமும் அழிவுமாகத் தொடரும் இந்தச் சமநிலையைச் சிட்னி சாப்மன் 1930-இல் விளக்கினார்.

சூரியன் ஏறத்தாழ பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை அமைதியிலிருந்து கொந்தளிப்புக்குச் சென்று மீள்கிறது. அந்தச் சுழற்சியில் சூரியனின் மொத்தக் கதிராற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. ஆனால் 200 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாப் பகுதி நூற்றுக்குச் சில பங்கு மாறுகிறது, 121.6 நானோமீட்டரில் உள்ள லைமன் ஆல்ஃபா என்னும் ஹைட்ரஜன் கோட்டின் ஒளியோ இரு மடங்கை நெருங்கும் அளவுக்கு ஏறி இறங்குகிறது. பதினோர் ஆண்டுக்காலத்தில் நூற்றுக்குச் சில பங்கு மாறும் ஒன்றை அளக்க வேண்டுமானால், அளக்கும் கருவி அதே காலத்தில் தன்னளவில் எவ்வளவு மாறியது என்பதை அதனினும் நுட்பமாக அறிந்திருக்க வேண்டும். சூரியப் புற ஊதா அளவியலின் முழுச் சிக்கலும் இந்த ஒரு நிபந்தனையில் அடங்கியிருக்கிறது.

இந்தச் செய்தி அபர்டீன் பஜாருக்குத் தொலைவானதன்று. ஏறத்தாழ 11.7 டிகிரி வட அட்சத்தில், கடலூருக்கு நேர் கிழக்கே என்று சொல்லத்தக்க இடத்தில் அமைந்த இவ்வூரின் உச்சியைச் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டியும், நேராகக் கடக்கிறது. இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து பத்து டிகிரிக்கும் மேல் கிழக்கே இருப்பதால், இங்கு உச்சிப்பொழுது கடிகாரம் பன்னிரண்டைக் காட்டுவதற்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஏப்ரலின் அந்த நாட்களில், பஜாரின் மணிக்கூண்டில் பதினொன்று இருபது ஆகும் முன்பே அதன் நிழல் அடிக்குள் ஒடுங்கிவிடுகிறது. வெப்ப மண்டலத்தின் மேலுள்ள ஓசோன் அடுக்கு வடபுல நாடுகளின் மேலுள்ளதைவிட மெல்லியது. ஒளி கடந்துவரும் காற்றின் நீளமும் இங்கு மிகக் குறைவு. ஆகவே மேகமற்ற ஏப்ரல் நண்பகலில் இங்குள்ள புற ஊதாக் குறியீடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் உச்ச வகையான 11-ஐயும் தாண்டுகிறது. தெருவில் நிற்பவரின் தோலை எட்டும் கதிரின் அளவு ஓசோனைப் பொறுத்தது; ஓசோனின் அளவு சூரியனின் குறு அலைநீளக் கதிரைப் பொறுத்தது; அக்கதிரைப் பற்றிய அறிவோ வளிமண்டலத்துக்கு வெளியே நிற்கும் கருவிகளின் நம்பகத்தைப் பொறுத்தது.

அளவுத்திருத்தம் என்பது, ஒரு கருவி காட்டும் எண்ணை ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு, அந்த எண்ணுக்கும் உண்மை அளவுக்கும் உள்ள உறவை நிறுவுதல். பஜாரில் மீன் நிறுக்கும் மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரையிடப்பட வேண்டும் என்று சட்டம் விதிப்பதும் இதற்காகவே. தராசின் பின்னால் நியம எடைக்கல் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். விண்கருவிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒருமுறை ஏவப்பட்டபின் அதை மீண்டும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து நியமத்தோடு ஒப்பிட இயலாது. ஆனால் அது நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் முற்பகல் 11.50 மணிக்குப் பிஎஸ்எல்வி-சி57 ஏவுகலத்தின் மூலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. ஏவுகலங்களின் பயணத்தைப் பின்தொடரும் இஸ்ட்ராக் நிலையங்களுள் ஒன்று இவ்வூரிலேயே இருப்பதை அவையோர் அறிவர். செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து நடத்திய இத்திட்டத்தில், விண்கலம் 2024 சனவரி 6-ஆம் நாள் பூமியிலிருந்து சூரியனின் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்-1 என்னும் சமநிலைப் புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. அங்கிருந்து பார்த்தால் சூரியன் மறைவதே இல்லை. விண்கலத்தின் ஏழு கருவிகளுள் ஒன்று சூட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சூரியப் புற ஊதாப் படத் தொலைநோக்கி. புணேயில் உள்ள வானியல், வானியற்பியலுக்கான பல்கலைக்கழக இடை மையத்தில் துர்கேஷ் திரிபாதி, ஏ. என். ராமபிரகாஷ் ஆகியோர் தலைமையில் இது உருவானது.

200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான பகுதியில், சூரியனின் முழு வட்டத்தையும் பதினொரு வடிகட்டிகளின் வழியே சூட் படமெடுக்கிறது. அவற்றுள் எட்டு குறுகிய அலைநீள இடைவெளியை மட்டும் அனுமதிப்பவை, மூன்று அகன்றவை. அகன்ற மூன்றின் எல்லைகள் 200 முதல் 242, 242 முதல் 300, 320 முதல் 360 நானோமீட்டர் என வகுக்கப்பட்டுள்ளன. ஆக்சிஜனைப் பிளக்கும் கதிர், ஓசோன் வலிமையாக உறிஞ்சும் கதிர், ஓசோன் மெலிவாக உறிஞ்சும் கதிர் என்று வளிமண்டல வேதியியலே இந்த எல்லைகளை வரைந்து கொடுத்திருக்கிறது. சூரியனைப் படமெடுக்கும் ஒரு தொலைநோக்கியின் அமைப்பில் பூமியின் காற்றை இவ்வளவு கருத்தோடு நினைவில் கொண்டிருப்பது பாராட்டத்தக்க முடிவு.

இத்தகைய கருவியின் அளவுத்திருத்தம் ஏவுவதற்கு நெடுநாள் முன்பே தொடங்குகிறது. ஒளி நுழையும் இடத்திலுள்ள வெப்ப வடிகட்டி, கண்ணாடிகள், வடிகட்டிச் சக்கரங்கள், இறுதியில் 4096-க்கு 4096 படப்புள்ளிகள் கொண்ட சிசிடி என்னும் ஒளியுணர்வி ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளியைக் கடத்துகிறது அல்லது பதிகிறது என்று தனித்தனியே அளக்கப்பட வேண்டும். ஒளியே இல்லாதபோதும் உணர்வி காட்டும் எண்ணை இருள் பதிவு என்பர். அதைக் கழிக்க வேண்டும். எல்லாப் படப்புள்ளிகளின் மீதும் ஒரே அளவு ஒளி விழுந்தாலும் அவை ஒரே அளவாகப் பதிவதில்லை. அந்த வேறுபாட்டைக் காட்டும் படம் சமன்புலப் பதிவு. அதனால் வகுக்க வேண்டும். வெப்பத்தால் தோன்றும் போலிக் குறிகளை அடக்குவதற்காக, சூட்டின் உணர்வி மைனஸ் 55 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்விக்கப்படுகிறது.

இவற்றினும் கடினமானது கசிவொளி. 214 நானோமீட்டரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ பத்து நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒளியை விடும் வடிகட்டியை எடுத்துக்கொண்டால், அந்த அகலத்தில் சூரியன் தரும் ஆற்றல் சதுர மீட்டருக்கு அரை வாட்டுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியாகச் சூரியன் தருவதோ ஐந்நூறு வாட்டுக்கும் மேல். கண்ணுறும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வடிகட்டியின் வழியே நழுவி உள்ளே வந்தாலே, அது அளக்க விரும்பிய புற ஊதா ஒளியை மிஞ்சிவிடும். படம் அழகாக இருக்கும், சூரியன் வட்டமாகத் தெரியும், கரும்புள்ளிகளும் இருக்கும். ஆனால் அது வேறு ஒளியில் எடுத்த படமாக இருக்கும். இதனால்தான் வடிகட்டி எந்த ஒளியை விடுகிறது என்பதற்கு இணையாக, எந்த ஒளியை விடவில்லை என்பதையும் பல்லாயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து உறுதிசெய்கிறார்கள். சூட்டில் ஒளி அடுத்தடுத்த இரண்டு வடிகட்டிச் சக்கரங்களைக் கடந்து செல்கிறது. ஒரு வடிகட்டி தவறவிட்டதை மற்றது தடுப்பதற்கு இந்த இணைப்பு உதவுகிறது.

ஆய்வகத்தில் ஒப்பிடுவதற்கான நியமம் எது என்ற கேள்விக்கு இயற்பியல் ஒரு சிறந்த விடையைத் தந்திருக்கிறது. ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தால் வளைத்தால் அவை ஒளியை உமிழ்கின்றன; அதுவே சின்குரோட்ரான் கதிர்வீச்சு. எலக்ட்ரான்களின் ஆற்றல், எண்ணிக்கை, காந்தப்புல வலிமை ஆகியவை தெரிந்தால், எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வெளிப்படும் என்பதை ஜூலியன் ஷ்விங்கர் 1949-இல் வெளியிட்ட சமன்பாட்டால் கணக்கிட்டுவிடலாம். விளக்கைப் போல எரிந்து மங்காத, கணக்கிலிருந்தே பிறக்கும் நியமம் இது. அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்கிலும் ஜெர்மனியின் பெர்லினிலும் உள்ள தேசிய அளவியல் நிறுவனங்களின் சின்குரோட்ரான்கள் பல சூரியக் கருவிகளுக்கு இவ்வகையில் நியமமாக இருந்துள்ளன. இந்தியாவில் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலுள்ள இண்டஸ்-1, புற ஊதாப் பகுதியில் இத்தகைய ஒளியைத் தரும் வளையம்.

இவ்வளவும் முடிந்து கருவி விண்ணுக்குச் சென்றபின், அதன் முதுமை தொடங்குகிறது. விண்கலத்தில் உள்ள பசைகள், கம்பி உறைகள், வண்ணப்பூச்சுகள் ஆகியவற்றிலிருந்து வெற்றிடத்தில் கரிம மூலக்கூறுகள் மெல்ல வெளியேறுகின்றன. அவை குளிர்ந்த பரப்புகளின் மீது, குறிப்பாகக் கண்ணாடிகள், வடிகட்டிகள், உணர்வி ஆகியவற்றின் மீது படிகின்றன. அந்தப் படிவின் மீது சூரியனின் புற ஊதா ஒளி விழுந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, அகற்ற முடியாத ஒரு மெல்லிய பழுப்புப் படலமாக இறுகிவிடுகின்றன. கண்ணால் காண இயலாத அப்படலம் கண்ணுறும் ஒளியைப் பெரிதும் பாதிக்காமல், புற ஊதா ஒளியை மட்டும் தேர்ந்தெடுத்தாற்போல் விழுங்குகிறது. அளக்க வேண்டிய ஒளியே அளக்கும் கருவியைக் கெடுக்கிறது என்பது இத்துறையின் தீராத இடர். 2009 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் புரோபா-2 விண்கலத்தில் இருந்த லைரா என்னும் கருவியின் அன்றாடப் பயன்பாட்டு அலகு, லைமன் ஆல்ஃபா, 200 நானோமீட்டரை ஒட்டிய பகுதி ஆகியவற்றில் தன் உணர்திறனில் பெரும்பங்கை மிக விரைவாக இழந்தது. உடன் வைத்திருந்த மாற்று அலகுகளை அரிதாகத் திறந்து பார்த்ததால்தான் இழப்பை அளக்க முடிந்தது. ஆஸ்ட்ரோசாட் விண்கலம் 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்டபோது, அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் மூடிகளை ஏறத்தாழ இரண்டு மாதம் திறக்காமல் வைத்திருந்ததும், வெளியேறும் ஆவிகள் கலைந்து போகட்டும் என்ற எச்சரிக்கையால்தான். சூட்டும் ஏவப்பட்டு இரண்டரை மாதத்துக்குப் பின், 2023 நவம்பர் 20-இல்தான் இயக்கப்பட்டது.

முதுமையை மறுக்க முடியாத நிலையில் அதை அளப்பதற்கு அறிஞர்கள் வகுத்த வழிகள் மனித அறிவின் பெருமைக்குரியவை. 1991 செப்டம்பரில் ஏவப்பட்ட யூஆர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வுச் செயற்கைக்கோளில் ஒரே அளவீட்டுக்காக இரண்டு கருவிகள், இரண்டு வேறுபட்ட நம்பிக்கைகளோடு சென்றன. சூசிம் என்ற கருவி டியூட்டிரியம் விளக்குகளைத் தன்னோடு எடுத்துச் சென்று, அவற்றின் ஒளியோடு தன்னை அவ்வப்போது ஒப்பிட்டுக்கொண்டது. சோல்ஸ்டிஸ் என்ற கருவியோ விளக்குகளை நம்பாமல் விண்மீன்களை நம்பியது. இளநீல நிறமுடைய சில விண்மீன்களின் புற ஊதா ஒளி ஆயிரக்கணக்கான ஆண்டுகளிலும் நூற்றுக்கு ஒரு பங்கு கூட மாறாது என்பது விண்மீன் பரிணாமக் கோட்பாட்டின் முடிவு. பகற்பாதையில் சூரியனையும் இரவுப்பாதையில் அந்த விண்மீன்களையும் ஒரே கண்ணாடிகளாலும் ஒரே உணர்வியாலும் பார்த்தால், விண்மீன் மங்கியதாகத் தோன்றும் அளவே கருவியின் தேய்மானமாகும். விண்மீனின் ஒளி சூரியனுடையதைவிடப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல் குறைவு என்பதால், ஒளி நுழையும் வாயிலைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கியும் பதிவு நேரத்தை நீட்டியும் அந்த இடைவெளியைக் கடந்தார்கள். அடிப்படையில் வேறுபட்ட இரு வழிகள் ஒரே சூரியனைப் பற்றி ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொன்னபோதுதான் அந்த அளவீடுகளுக்கு மதிப்பு வந்தது.

மூன்றாவது வழி, ஒரே மாதிரியான அலகுகளை வெவ்வேறு அளவில் பயன்படுத்துவது. 2017 திசம்பரில் ஏவப்பட்டுப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட டிசிஸ்-1-இன் நிறமாலைமானியில் மூன்று அலகுகள் உள்ளன. ஒன்று நாள்தோறும், மற்றொன்று இடைவிட்டு, மூன்றாவது மிக அரிதாகச் சூரியனைப் பார்க்கின்றன. மிகக் குறைவாக வெயில் பட்ட அலகைக் கொண்டு மற்ற இரண்டின் தேய்மானம் கணிக்கப்படுகிறது. நான்காவது வழி, விண்கலத்திலுள்ள கருவியின் இணை ஒன்றை ஆய்வகத்தில் அளந்து, சிறு ஏவூர்தியில் சில நிமிடங்கள் மேலே அனுப்பி, இரண்டும் ஒரே நேரத்தில் சூரியனைப் பார்க்கச் செய்வது. 2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட எஸ்டிஓ விண்கலத்தின் புற ஊதாக் கருவிக்கு நாசா இவ்வழியை மேற்கொண்டது.

இவ்வளவு முயற்சியும் தேவைதானா என்ற ஐயத்துக்கு சோர்ஸ் விண்கலத்தின் வரலாறு விடை தரும். 2003 சனவரி 25-இல் ஏவப்பட்ட அதன் சிம் என்ற நிறமாலைமானி, 2004 முதல் 2007 வரை சூரியச் செயற்பாடு தணிந்துவந்த காலத்தில் புற ஊதா ஒளி குறைந்த அளவு, அதுவரை கணிக்கப்பட்டிருந்ததைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு எனக் காட்டியது. அந்த எண்களைக் கொண்டு ஜோனா ஹே உள்ளிட்டோர் 2010-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, சூரியன் தணியும்போது பூமியின் அடி வளிமண்டலத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் கூடக்கூடும் என்ற வியப்பான முடிவை முன்வைத்தது. காலநிலை அறிவியல் சில ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு போராடியது. பிற கருவிகளோடு பொறுமையாக ஒப்பிட்டபின் பெரும்பாலோர் வந்தடைந்த முடிவு, அந்தப் பெரிய சரிவில் கணிசமான பங்கு சூரியனுடையதன்று, முழுமையாகத் திருத்தப்படாத கருவித் தேய்மானத்தினுடையது என்பதே. பிழை கணக்கில் யாரோ செய்த தவறால் வந்ததன்று; ஆண்டுக்கு நூற்றில் சிறு பின்னமாக மாறும் ஒரு தேய்மானத்தைப் பிரித்தறிவது அவ்வளவு கடினம்.

சூட்டில் விண்மீன்களைப் பார்க்கும் வசதி இல்லை. அது சூரியனையே நோக்கி நிற்கும் தொலைநோக்கி. அதற்கு மாற்றாக 255, 355 நானோமீட்டரில் ஒளிரும் சிறு எல்இடி விளக்குகள் கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. சூரிய ஒளியை மறைத்துவிட்டு இவற்றின் ஒளியில் படமெடுத்தால், உணர்வியின் எந்தப் பகுதி எவ்வளவு மாறியது என்பது தெரியவரும். விளக்குகள் உணர்வியைச் சோதிக்கின்றன. முன்னேயுள்ள வெப்ப வடிகட்டியையும் கண்ணாடிகளையும் சோதிப்பதற்கு வேறு சான்று வேண்டும். படத்திலுள்ள சூரிய வட்டம் முழுவதன் ஒளியையும் கூட்டி, டிசிஸ்-1 போன்ற கருவிகள் அதே நாளில் அளந்த நிறமாலையோடு ஒப்பிடுவது அத்தகைய ஒரு வழி. அப்போது தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும்: சனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகிலும் சூலைத் தொடக்கத்தில் தொலைவிலும் பூமி இருப்பதால், வரும் ஒளி நூற்றுக்கு ஏழு அளவு வேறுபடுகிறது. அலுவல் கணக்கைப் போலத் தோன்றும் இத்திருத்தம், பெரும்பாலான அலைநீளங்களில் பதினோர் ஆண்டுச் சுழற்சியால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது.

தேய்மானத்தை ஓரளவு சுற்றிக் கடக்கும் ஒரு நுட்பமும் உண்டு. 280 நானோமீட்டரை ஒட்டி, அயனியாகிய மக்னீசியம் இரண்டு கோடுகளை உண்டாக்குகிறது. கோட்டின் நடுப்பகுதி சூரியனின் நிறமண்டலம் என்ற மேலடுக்கிலிருந்து வருவதால் பெரிதும் மாறுகிறது. இருபுறமுள்ள பகுதி கீழடுக்கிலிருந்து வருவதால் ஏறத்தாழ மாறாதிருக்கிறது. ஹீத், ஷ்லெசிங்கர் இருவரும் நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு 1986-இல் முன்வைத்த முறை, நடுவை ஓரத்தால் வகுப்பது. இரண்டும் மிக நெருங்கிய அலைநீளங்கள் என்பதால் படலம் இரண்டையும் ஒரே விகிதத்தில் மங்கச் செய்யும். வகுக்கும்போது அந்த மங்கல் பெரும்பாலும் நீங்கிவிடும். சூட்டின் வடிகட்டிகளுள் 279.6, 280.3 நானோமீட்டர் ஆகியவை மக்னீசியக் கோடுகளுக்கும், 276.7, 283.2 ஆகியவை இருபுற ஓரங்களுக்கும் அமைக்கப்பட்டிருப்பதால், இந்த வகுத்தலைச் சூரிய வட்டத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே செய்து பார்க்க இயலும்.

தமிழ்நாட்டிலேயே சூட்டுக்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் 2007 வரை 393.4 நானோமீட்டரில் உள்ள கால்சியம் கோட்டில் சூரியனைப் படத்தகடுகளில் பதிந்து வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெரிதும் மாறாத ஒளியியல் அமைப்போடு எடுக்கப்பட்ட அத்தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணியல் வடிவில் மாற்றியிருக்கிறது. விண்கருவிகள் பிறப்பதற்கு முந்தைய சூரியனின் புற ஊதா ஒளியை மதிப்பிட அவை பயன்படுகின்றன. தகட்டின் கருமையை ஒளியின் அளவாக மாற்றுவதற்குப் படிப்படியாகத் தெரிந்த ஒளியளவுகளைத் தகட்டின் ஓரத்தில் பதிவது வழக்கம். பழைய தகடுகள் பலவற்றில் அந்த அடையாளம் இல்லை. ஆய்வாளர்கள் அதற்கு மாற்றாக, அமைதியான சூரியப் பரப்பு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மங்கும் அறியப்பட்ட ஒழுங்கையே அளவுகோலாகக் கொண்டு தகடுகளைத் திருத்தியிருக்கிறார்கள். எடுத்தவர்கள் எதிர்பாராத பயனை இத்தகடுகள் இன்று தருவதற்குக் காரணம், அவர்கள் முறையை மாற்றாமல் நாள்தோறும் தொடர்ந்ததுதான்.

சூட் குழுவினர் தரையிலும் விண்ணிலும் செய்த சோதனைகளின் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வகுத்த இலக்குகளைக் கருவி எட்டியது என்றும், பிரித்தறியும் திறனில் மட்டும் 1.4 வில்விநாடிக்கு மாறாக 2.2 வில்விநாடி அளவுக்குக் கீழே ஒளியளவைத் துல்லியமாகச் சொல்ல இயலாது என்றும் அவர்களே எழுதியுள்ளனர். வில்விநாடி என்பது ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்கு. தங்கள் கருவியின் குறையை எண்ணோடு எழுதி வைக்கும் இந்த ஒழுக்கமே, அதன் மற்ற எண்களை நம்பச் செய்கிறது.

ஆதித்யா எல்-1-இன் திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டுகள். அதன் வாரிசு, பழைய கருவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறந்து, குறைந்தது ஓராண்டாவது இரண்டும் ஒரே சூரியனைச் சேர்ந்து பார்த்தாக வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் முன்னதின் எண்களையும் பின்னதின் எண்களையும் இணைக்கும் பாலம் இல்லாமற்போகும். அதுவரை, இந்தியாவிடம் ஏற்கெனவே உள்ள ஆர்எச்-560 ஆய்வு ஏவூர்தியில், ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்த சிறு புற ஊதா ஒளிமானி ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பி, அதே நிமிடங்களில் சூட் எடுத்த படங்களோடு ஒப்பிடலாம். அது கடலில் விழுந்தாலும் மீட்க முடியும். 2007 சனவரி 22-இல் வங்காள விரிகுடாவில் இறங்கிய எஸ்ஆர்இ-1 கலத்தை இந்தியா மீட்டிருக்கிறது. இதற்கான நிதியும் முடிவும் முதற்கருவி இன்னும் நலமாக இயங்கும் இந்த ஆண்டுகளிலேயே எடுக்கப்பட வேண்டும்.